சக்கர நாற்காலியில் செல்வராசா

"இஞ்சை பார் ஞானம், இந்த அநியாயத்தை!"

இத்தாலியின் பலெர்மோ நகரில் லிபெர்த்தா வீதிப் பூங்கா. வியாழன் பின்னேரம். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு அரைநாள் லீவு. இலைகள் உதிரத் தொடங்கியிருந்தாலும் வெயில் இன்னும் இதமாகத்தான் இருந்தது. பூங்கா வாங்கில் அமர்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த ஞானாம்பிகை, கணவர் கோபாலசிங்கம் காட்டிய பக்கம் பார்த்தாள்.

சக்கர நாற்காலியில் செல்வராசா சாய்ந்திருந்தான். பின்னால் நின்று, மூச்சு வாங்க அதைத் தள்ளி வந்தவர் எண்பத்தாறு வயது சிஞ்ஞோர் கத்தல்தோ. செல்வராசா பராமரிக்க வேண்டிய கிழவர்.

"வேலைக்காரன் சவாரி போறான், முதலாளி தள்ளுறார்!"

"உங்களுக்கு அந்தப் பழைய கோவம் இன்னும் போகேல்லை."

"ஏன் போகவேணும்?"

ஏழு வருடத்துக்கு முன் அந்த வீட்டில் வேலை பார்த்தவர் கோபாலசிங்கம்தான். ஊருக்குப் போகும்போது, ஒரு மாதத்துக்குப் பதில் ஆளாகச் செல்வராசாவை விட்டுப் போனார். திரும்பி வந்தபோது வேலை அவனுடையதாகிவிட்டது. அன்றைக்கு நின்றது இருவருக்கும் இடையிலான பேச்சு.

நாற்காலி பக்கத்தில் வந்ததும் கோபாலசிங்கம் எழுந்து போய் மறித்தார்.

"வெக்கமில்லையோடா உனக்கு? உன்னாலை எங்கடை சனத்துக்கே கெட்ட பேர்!"

"அண்ணை, மெல்லக் கதையுங்கோ," என்றான் செல்வராசா. "டொக்டர் இவரை ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னவர். தனக்கெண்டு ஓரடி வைக்கமாட்டன் எண்டிட்டார். எனக்கு முழங்கால் வருத்தம் எண்டு ஒரு பொய் விட்டன். 'நீ ஏறி இரு, நான் தள்ளுறன்' எண்டார். அண்டு தொடக்கம் நடக்கிறார்."

"விழுந்தால்?"

"கைப்பிடியை நல்லாப் பிடிச்சிருக்கிறார். பிறேக்கிலை என்ரை கை இருக்குது. ஆனால் உண்மை மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது அண்ணை. தெரிஞ்சால் கட்டிலை விட்டு எழும்பமாட்டார். ஏமாத்தினவன் எண்டு என்ரை வேலையும் போயிடும்."

தமிழ் விளங்காத கிழவர் இருவரையும் பார்த்துச் சிரித்தார். தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். செல்வராசா எழுந்து, போத்தலுடன் நொண்டி நொண்டிக் குழாயடிக்குப் போனான். கிழவர் நாற்காலியில் அமர்ந்து நெற்றியைத் துடைத்தார்.

கோபாலசிங்கம் ஏழு வருடம் காத்திருந்த நேரம் இது.

"வேண்டாமப்பா," ஞானாம்பிகை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அந்தாள் எழும்பி நடக்கிறதே பெரிய காரியம். கெடுத்துப்போடாதேங்கோ."

அவர் கேட்கவில்லை. குனிந்து, இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டார்.

"சிஞ்ஞோர், அவன் உங்களை ஏமாத்துறான். அவன்ரை காலிலை ஒரு வருத்தமும் இல்லை."

கிழவர் குழாயடிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தெரியும் கோபால். நேற்று இடது காலாலை நொண்டினவன். இண்டைக்கு வலது கால்."

"பிறகேன் தள்ளுறியள்?"

"காலமை எழும்பினால் படுக்கும்வரைக்கும் அவன் நிண்ட நிலைதான். கொஞ்சம் இரு எண்டால் கேக்கமாட்டான். இந்த அரை மணித்தியாலமாவது இருக்கட்டும் எண்டுதான் தள்ளுறன். அவனுக்குச் சொல்லிப்போடாதேயும்."

ஞானாம்பிகை குனிந்து கச்சான் கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அடக்கிய சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

கிழவர் கோபாலசிங்கத்தின் கையை அன்பாகத் தட்டினார்.

"நீர் எங்கடை வீட்டிலை வேலை செய்யேக்கை இந்தக் கரைச்சலே இல்லை. நான் பார்க்கிற நேரமெல்லாம் நீர் கதிரையிலை சாஞ்சபடிதானே!"