நிறுத்தினால் கிளம்பாத கார்

கிட்ட வாங்க கண்ணுகளா, அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டே வாங்க. உங்கள் கையில் இருக்கும் காப்பி ஆறுவதற்குள் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்துவிடுகிறேன்.

“எம்மா, கதவ மெதுவா சாத்து. அதிர்ந்தா நின்னுடும்!”

“காரு கதவத்தானடா சாத்துறேன், என்னமோ பால் செம்பத் தூக்கிட்டு வர்றாப்புல பயமுறுத்துற!” என்றாள் தனம்.

அவள் மகன் வீரமணிக்குப் பெரம்பலூரில் மெக்கானிக் ஷாப். முன்பு பெண் பார்த்த இடமெல்லாம் அவன் கை கிரீஸைப் பார்த்து முகம் சுளித்துவிட்டன. இன்றைக்கு ஜெயங்கொண்டத்தில் பெண் பார்க்க வேண்டும். இதுவும் தட்டிப் போனால் இனிமேல் பெண்ணே பார்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டான். அதனால்தான் தனம் காரில் போய் இறங்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கார் அவர்களுடையது இல்லை. யாரோ ஒரு அரியலூர்க்காரர் ஷாப்பில் விட்டுப்போன பழைய வண்டி. “அவசரமில்ல தம்பி, ஞாயித்துக்கிழமை கழிச்சு வந்து எடுத்துக்கறேன்” என்று சொல்லியிருந்தார்.

“ஓட்டிப் பாத்தாத்தானே நோவு தெரியும்? அத ஜெயங்கொண்டம் வரைக்கும் ஓட்டிப் பாரேன்” என்று தனம் வழி சொல்லிக்கொடுத்தாள்.

நோவு இதுதான். ஓடும்போது சமர்த்தாக ஓடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் தானாக உறுமி ஏறும், முனகி இறங்கும், கொஞ்ச நேரத்தில் பொசுக்கென்று அணைந்துவிடும். அப்புறம் தள்ளினால்தான் கிளம்பும். எங்கோ ஓர் ஓட்டை வழியாக எஞ்சின் தப்புக் காற்றை இழுக்கிறது என்று வீரமணிக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். ஓடுகிற எஞ்சினில் இணைப்பு இணைப்பாகத் தண்ணீர் சொட்டவிட்டு, சத்தம் மாறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஒன்றும் பிடிபடவில்லை.

அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுபோனது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தனமே இறங்கித் தள்ளினாள்.

“ஒனக்குப் பொண்டாட்டி வந்து தள்ளட்டும்னு பாத்தா, கடைசியில நானே தள்ளுறேன்!”

ஜெயங்கொண்டத்தில் பெண்ணின் அப்பா அண்ணாதுரை வாசலுக்கே வந்துவிட்டார். முந்திரித் தோப்புக்காரர். வண்டி ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, “அணைக்கலையா தம்பி?” என்றார்.

“ஓடட்டுங்க மாமா. அடிக்கடி அணைச்சா இஞ்சினுக்கு ஆகாது.”

அண்ணாதுரை காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “நல்ல வண்டி. சொந்தமா?”

வீரமணி வாயைத் திறப்பதற்குள் தனம் முந்திக்கொண்டாள். “பின்ன? பெத்த புள்ளயாட்டம் வச்சிருக்கான்.”

“வழி கண்டுபிடிக்க சிரமமா இருந்துச்சா?”

“எங்க காருக்கு வழியே சொல்ல வேணாங்க. தானா வந்து நின்னுச்சு!” என்றாள் தனம்.

“அதான் பாத்தேன்” என்றார் அண்ணாதுரை.

பெண் ஆர்த்தி முந்திரிப் பக்கோடாத் தட்டோடு வந்தாள். “ஏம்மா, பாடத் தெரியுமா?” என்று தனம் கேட்டதுதான் தாமதம், வாசலில் கார் பாட ஆரம்பித்தது. உர்ர்ர் என்று ஏறியது, ம்ம்ம் என்று இறங்கியது, இருமியது, அணைந்தது.

வீரமணி எடுத்த பக்கோடாவைத் தட்டிலேயே திருப்பி வைத்தான்.

ஆர்த்தி தட்டைக் கீழே வைத்தாள். “வாங்க, பாப்போம்.”

அவள் அப்பா பின்னாலிருந்து தள்ள, வீரமணி வண்டியைக் கிளப்பினான். எஞ்சின் மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியது. ஆர்த்தி பானெட்டைத் தூக்கினாள். வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, எஞ்சினுக்குப் பின்னால் வளைந்து போகும் ரப்பர் குழாயின் அடியில் கையை விட்டாள். விரலை வைத்து அழுத்தினாள்.

பால் குடித்த பிள்ளையைப் போல எஞ்சின் அடங்கிவிட்டது.

“ஓஸ் கிழிஞ்சிருக்குங்க. வளைவுக்கு அடியில. மேலேருந்து பாத்தா தெரியாது.”

“பாட்டு எதுக்குடா பாட்டு? இதாண்டா என் மருமவ!” என்று தனம் துள்ளினாள்.

வீரமணி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்படி ஒருத்தியிடம் போய்ப் பொய்யில் ஆரம்பிப்பதா?

“ஒண்ணு சொல்லணுங்க” என்றான். “இது என் காரு இல்ல. ரிப்பேருக்கு வந்தது. எனக்குப் பிடிபடாத கோளாற நீங்க ஒத்த விரல்ல பிடிச்சிட்டீங்க.”

“கெடுத்தான் பாவி!” தனம் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாதுரை வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். “அறிவு, வெளிய வா. மாப்ள நெசத்தச் சொல்லிட்டாரு.”

உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தவர், வண்டியை விட்டுப்போன அந்த அரியலூர்க்காரர்.

“என் தம்பிதான், அறிவுச்செல்வன்” என்றார் அண்ணாதுரை. “மாப்ள எப்படின்னு டீக்கடையில விசாரிச்சா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. அதான் எங்க காரையே அனுப்பி விசாரிச்சோம். வண்டிய விட வந்தப்ப இவன்கிட்ட ‘கோளாறு எங்கன்னு தெரியாம ஒரு சாமானையும் மாத்த மாட்டேன்’னு சொன்னீங்களாமே, அப்பவே எங்களுக்குப் பாதி சம்மதம். மீதி இப்பதான் வந்துச்சு.”

வீரமணி ஆர்த்தியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கிரீஸ் விரலைத் தாவணி நுனியில் துடைத்தாள்.

“நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலைங்க” என்றாள். “அந்த ஓஸ பிளேடால கீறி அனுப்புனதே நான்தான்.”

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுக்கு வருகிற சம்பந்தமெல்லாம் கீறல் இல்லாமல் வரட்டும், உங்கள் வீட்டு அடுப்பும் சிரிப்பும் ஒருநாளும் அணையாமல் இருக்கட்டும்.