சர்க்கரையில் எழுதிய செல்லப் பெயர்

என் புருஷன் ஃபிடென்சியோவின் மேல்சட்டைப் பையில், செத்தவர்கள் வீடு வரும் திருநாளுக்கு அவர்கள் பெயர் எழுதிப் படைக்கும் சர்க்கரை மண்டையோடு ஒன்று இருந்தது. நெற்றியில் சிவப்புப் பாகால் பெயர் எழுதியிருந்தது. சப்பாரீத்தா.

குட்டச்சி என்று அர்த்தம். பதினோரு வருஷமாக என்னை அவர் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நானோ அவரைவிட ஒரு சாண் உயரம். குனியாமல் போனால் நிலை இடிக்கும்.

அப்படியென்றால் எந்தக் குட்டச்சிக்கு வைத்த பெயர் இது? கேட்டால், "சும்மா வாயில வந்துச்சு" என்று மழுப்புவார். சும்மா வருமா? எவளோ கழற்றிப் போட்ட செருப்பை என் காலில் மாட்டிவிட்டார் என்று முதல் வருஷமே எனக்குப் பொறி தட்டியது.

இன்றைக்குக் கையும் களவுமாக அகப்பட்டது. மார்ச்சில் செத்துப்போன மாமியாரின் பெயர் எழுதிய மண்டையோட்டோடு, ஒரே காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். மாமியாருடையது பெரியது. இவளுடையது எலுமிச்சை அளவு. செத்த காதலிக்குக்கூடக் கஞ்சத்தனம்!

ஆக, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். போயும் விடவில்லை, நாளைக்கு என் வீட்டுப் படையலுக்கே சாப்பிட வரப்போகிறாள்.

அவள் மண்டையோட்டை வாயில் போட்டு நறநறவென்று கடித்துத் தின்றேன்.

மாதா கோவிலில் மத்தியான மணி அடிக்கும்போது அவர் வந்தார். நேரே சாமந்தி பரப்பிய படையல் மேசைக்குப் போனார். ஒரு டம்ளர் பால் வைத்தார். பக்கத்தில், என் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஜோடிச் செருப்பு.

செத்தவர்களில் பெரியவர்கள் நாளைக்குத்தான் வருவார்கள். இன்று வருவது குழந்தைகள். எங்கள் வீட்டுக்கு வரக் குழந்தை யாரும் இல்லாததால் எனக்கு அது தோன்றவே இல்லை.

"என் தங்கச்சிக்கு அம்மாதான் அவங்க வீட்டுல வருஷாவருஷம் படையல் வைப்பாங்க," என்றார், என்னைப் பார்க்காமல். "நடக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே போயிட்டா. இனிமே நான்தான வைக்கணும். சப்பாரீத்தா, பையில சின்னதா ஒரு மண்டையோடு வெச்சிருந்தேனே, பாத்தியா?"

என் நாக்கில் இன்னும் இனிப்பு இருந்தது.

சந்தைக்கு ஓடினேன். இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டி, பெயரைச் சொன்னேன். பதினோரு வருஷத்தில் என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடைக்காரி எழுதிக்கொண்டே, "உங்க பொண்ணாம்மா?" என்றாள்.

"இல்ல, என் நாத்தனார்" என்றேன்.