இன்னொரு கை உப்பு

இடுப்பைச் சுற்றி வார் இறுக்கியிருந்தது. வலது கை மடியில் கட்டையாகக் கிடந்தது. எதிரே நின்றவள் கத்தியைக் கல்லில் தீட்டி, கட்டை விரலால் கூர் பார்த்தாள்.

"இன்னிக்கு நீங்க இங்கேருந்து எங்கயும் போக முடியாது" என்றாள். குனிந்து சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள்.

பிரேக் போட்டவள் அவருடைய மனைவி. அவர் மாஸ்டர். பேர்போன ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுப்படியை வெறும் குரலாலேயே ஆண்டவர். பக்கவாதம் வந்து வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒருசேர வாரிக்கொண்டு போய்விட்டது.

வழக்கமாக அவரை முன்னறை ஜன்னலோரம் உட்காரவைப்பாள். இடக்கையில் ஒரு சின்ன மணியைக் கொடுத்துவிடுவாள். தண்ணீர் வேண்டுமானால் மணி, டிவி சத்தம் அதிகமானால் மணி. அடித்த மறுநொடி ஓடிவந்து, முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு செய்துவிடுவாள். இன்று அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு வந்த அவசரத்தில் மணியை அங்கேயே விட்டுவிட்டாள்.

மகளும் மருமகனும் மதியம் சாப்பிட வருகிறார்கள். அப்பா செய்வாரே, அந்தக் கறி உருண்டை வேண்டும் என்று மகள் போனில் கேட்டிருந்தாள். கறியில் மட்டும் மாஸ்டர் வீட்டிலும் யாரையும் கைவைக்க விட்டதில்லை. மனைவி காய்கறியோடு சரி.

அவள் கொத்துக்கறியை நீர் சொட்டச் சொட்டப் பாத்திரத்தில் போட்டாள். நாலு பேருக்கு இவ்வளவு கொஞ்சம் எப்படிப் போதும் என்று நினைத்தவருக்கு, அடுத்த கணமே அந்த ஈரம் உறுத்தியது. ஈரத்தை ஒட்டப் பிழியாவிட்டால் எண்ணெயில் போட்டதும் உருண்டை பிய்ந்துவிடும்.

வெங்காயத்தைப் பொடியாக அரியாமல் துண்டு துண்டாக நறுக்கிக் கொட்டினாள். ரொட்டியை ஊறவைத்துப் பிழிந்து சேர்த்தால்தான் உருண்டை உள்ளே மெத்தென்று இருக்கும். ரொட்டிப் பக்கம் அவள் கையே போகவில்லை. மாஸ்டர் இடது காலால் நாற்காலியின் கால்மிதியை உதைத்தார்.

"கால் மரத்துப் போச்சா? கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றவள், முதுகைக் காட்டி நின்றுகொண்டு பிசைய ஆரம்பித்தாள். விரல் நுனியால் கலந்துவிட்டாலே போதும். அவளோ ஏதோ பழைய கணக்கைத் தீர்ப்பதுபோல உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிசைந்தாள். மாஸ்டர் பிரேக்கைத் தேடினார். அது வலப்பக்கம் இருந்தது.

கண்ணை மூடினால் காது கேட்டது. சொல்ல வேண்டிய சொற்களெல்லாம் தொண்டைவரை வந்து முட்டிக்கொண்டு நின்றன.

முயன்றால் பேச்சு வரும், தள்ளிப்போட்டால்தான் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆரம்பத்தில் மாஸ்டர் முயன்றும் பார்த்தார். பார்க்க வந்த கடை முதலாளியிடம் உட்காரச் சொல்ல வாயெடுத்தபோது, கன்றுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. முதலாளி தரையைப் பார்த்தார். அன்றோடு மாஸ்டர் வாயைத் திறப்பதை விட்டுவிட்டார். பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஆப்பிள் படத்தையும் பூனைப் படத்தையும் நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

மனைவி ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலந்தாள். மிளகுத்தூளைத் தூவினாள். பிறகு, மறந்தே போனவள்போல உப்பு ஜாடியை மறுபடியும் திறந்தாள். இன்னொரு கை அள்ளினாள்.

மருமகன் முதல் வாயைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் விழிப்பான். மகள் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்வாள். அப்பாவின் கறி உருண்டை என்ற பேரில் இதையா பரிமாறப் போகிறார்கள்?

"ப்..."

வெறும் காற்றுதான் வந்தது. அவள் திரும்பவில்லை. உப்பு அள்ளிய கை பாத்திரத்துக்கு மேலே வந்துவிட்டது.

"ப்... பு."

அது அவளுக்குக் கேட்காமலிருக்க வழியில்லை. ஆனாலும் விரல்கள் மெல்ல விரிந்தன. கொஞ்சம் உப்பு உதிர்ந்தது.

மாஸ்டர் உடம்பை முன்னால் தள்ளினார். வார் வயிற்றை அறுத்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது. கல்லைப் புரட்டுவதுபோல நாக்கைப் புரட்டினார்.

"உப்பு... போட்டாச்சு... டி."

கரகரத்து, கோணலாக வந்தாலும் அது அவருடைய குரல்தான். அவருக்கே நம்ப முடியவில்லை.

அவள் கையிலிருந்த உப்பை ஜாடியிலேயே கொட்டினாள். முதுகைக் காட்டியபடியே நின்றாள். தோள்கள் குலுங்கின. மாஸ்டருக்கு உள்ளுக்குள் குறுகியது. இத்தனை மாதம் கழித்து வாயைத் திறந்து, அதுவும் இப்படிச் சிடுசிடுத்தால் யாருக்குத்தான் மனசு நோகாது?

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிசைந்த கறியை அப்படியே ஓரமாகத் தள்ளிவைத்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து, மூடியிருந்த பெரிய தட்டு ஒன்றை எடுத்துவந்து அவர் மடியில் வைத்து மூடியை விலக்கினாள்.

ஒரே அளவில் உருட்டிய கறி உருண்டைகள், தட்டு நிறைய. ஈரம் துளியும் இல்லை. வெங்காயம் இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. மாஸ்டர் இடக்கையால் ஒன்றை எடுத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். ரொட்டி சேர்த்த மெத்து விரலுக்குத் தெரிந்தது.

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் துண்டால் அவருடைய கடைவாயைத் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கு மீனைக் கெடுக்கறேன்" என்றாள்.