மூன்று வருஷத்துக் காற்று

காரின் டிக்கியில் கிடந்த கிழட்டு ஸ்டெப்னி டயருக்குப் பொறுக்கவில்லை. விடிந்தால் குழந்தைகளோடு இரண்டு நாள் பயணம். அதற்கோ காற்றடித்து மூன்று வருஷமாகிறது.

"பால்பவுடர், பொம்மை, மூத்திரச் சட்டி, எல்லாம் என் தலைமேலே. என்னை ஒருத்தர் தொட்டுப் பார்த்தாரா?"

"வீட்டுக்காரர் மறந்திருப்பார், மாமா" என்றது பக்கத்தில் கிடந்த, வண்டியைத் தூக்கும் ஜாக்கி.

"போன தடவையும் மறந்தார். நான் மறக்கலை."

அப்போது வீட்டுக்காரர் பம்போடு வந்தார்.

"பார்த்தீங்களா மாமா!"

ஸ்டெப்னிக்குப் பழைய கோபத்தையெல்லாம் மறந்துவிடலாம் என்று இருந்தது.

அவர் சின்னவனின் ரப்பர் வாத்துக்கு வயிறு புடைக்கக் காற்றடித்து, மூட்டைகளின் உச்சியில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.



"வழியில டயர் வெடிக்குமில்ல," என்றது ஸ்டெப்னி, "அப்போ அந்த வாத்தை மாட்டிக்கிட்டுப் போகட்டும்."