எதிர்ச்சுவர்க்காரன்

"நகருய்யா ஆஸ்பெர்ட்! இன்னிக்கு அவன் மூஞ்சியில சுண்ணாம்பு அடிக்காம நான் வீட்டுக்குப் போறதில்ல."

ஒரு கையில் சுண்ணாம்பு வாளியும் மறு கையில் தூரிகையுமாகத் தோர்ன்பி ஊர்க் கோயிலுக்குள் நுழைந்தான் உழவன் ஹாமோ. தரையில் பரப்பியிருந்த பழைய கோரைப்புல்லைக் கூட்டிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை ஆஸ்பெர்ட், துடைப்பத்தோடு நிமிர்ந்தான்.

"முதல்ல ஞானஸ்நானத் தொட்டி மேலேருந்து வாளியை எடு. யார் மூஞ்சியில?"

"தெரியாத மாதிரி கேக்காத. அதோ நிக்கிறானே, அவன்!"

வாசலுக்கு நேர் எதிரே, சுவரை அடைத்த ஓவியத்தில், குழந்தை இயேசுவைத் தோளில் ஏற்றி ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார் புனித கிறிஸ்தோபர்.

"அடப்பாவி! காலையில அவரைப் பாத்துட்டுப் போனா அன்னிக்கு சாவு வராதுன்னு ஊரே வந்து கும்பிடுது. உன்னை என்ன செஞ்சாரு?"

"ஊரு ஒரு பார்வை பாத்துட்டு ஏர் கட்டப் போயிடுது. என் பொண்டாட்டி அமிஸ் மட்டும் நின்னு நின்னு பாக்குறா. தனியா சிரிச்சுக்கிறா. கிணத்தடியில பொம்பளைங்க என்னைக் கண்டாலே வாயைப் பொத்திக்கிறாங்க. போன வருஷம் சித்திரக்காரன் வந்தப்ப, முகம் இப்படித்தான் இருக்கணும்னு அமிஸ்தான் பக்கத்துல நின்னு சொன்னாளாம். யாரு முகம்யா அது?"

ஆஸ்பெர்ட்டுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"நல்ல மனுஷன்தான். கொஞ்சம் முன்கோபி."

"அப்ப உனக்கும் தெரியும்! எந்த ஊருக்காரன்?"

"தூரமில்ல."

"அழகனா இருந்தாலாவது மனசு ஆறும். மூக்கைப் பாரு, மண்வெட்டியால தட்டின மாதிரி. காதைப் பாரு, ஜாடிக்குக் கைப்பிடி வெச்ச மாதிரி. இந்த மூஞ்சிக்கா என் அமிஸ் மயங்கினா?"

"எனக்கும் ரொம்ப நாளா அதே சந்தேகம்தாம்பா."

"சிரிக்காதய்யா." ஹாமோ வாளியைச் சுவரடியில் வைத்தான். "அவ என்னை விட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? நாலு நாளா கஞ்சி தொண்டையில இறங்கல."

பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினான். தூரிகையைச் சுண்ணாம்பில் முக்கி ஓங்கினான்.

"இறங்குய்யா கீழ!"

வாசலில் அமிஸ் நின்றிருந்தாள். வாளியோடு புருஷன் கோயிலுக்குப் போவதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"மாட்டேன். இவனா, நானா? இப்பவே சொல்லு."

"அவருதான்," என்றாள் அமிஸ், கொஞ்சமும் யோசிக்காமல். "அவரு காலங்காத்தால கத்துறதில்ல. சேத்துக் காலோட உள்ள வர்றதில்ல. ஒரு வருஷமா நான் பேசப் பேசப் பொறுமையா கேக்குறாரு."

ஹாமோவின் கை தானாக இறங்கியது. பெஞ்சின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் கண் நிறைந்ததைப் பார்த்ததும் அமிஸுக்குப் பொறுக்கவில்லை.

"ஆஸ்பெர்ட் அண்ணே, சாமியாரு கை கழுவுற பித்தளைத் தாம்பாளத்தைத் துலக்கிட்டீங்களா? கொஞ்சம் கொண்டு வாங்க."

சிலுவை நிற்கும் மரத்தடுப்புக்குப் பின்னால் போய் அதை எடுத்து வந்தான் ஆஸ்பெர்ட். பொன் போலப் பளபளத்தது.

அந்த ஊரில் முகம் பார்க்கும் கண்ணாடி பண்ணையார் மாளிகையில்தான் ஒன்று உண்டு. ஹாமோ தன்னைப் பார்த்ததெல்லாம், மாட்டுத்தொட்டித் தண்ணீரில் ஆடும் ஒரு தாடியாகத்தான்.

அமிஸ் அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, தாம்பாளத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

உள்ளேயிருந்து, சப்பை மூக்கும் விடைத்த காதுமாக, கண்ணில் நீர் முட்ட அவனையே பார்த்து முழித்தார் புனித கிறிஸ்தோபர்.