முகம் தெரிகிற கேமரா

கடை வாசலில் மாதிரிக்காக மாட்டியிருந்த அலாரம் வீல் என்று அலறியது. கடைக்காரர் பதறியடித்து ரிமோட்டைத் தேடி அமுக்கிவிட்டு நிமிர்ந்தார். கண்ணாடிக் கதவருகே மோட்டார் மெக்கானிக்கின் மனைவி நின்றிருந்தாள், கையில் அவர் விற்ற கண்காணிப்பு கேமராவோடு.

 கடைக்காரரின் குற்றமுள்ள நெஞ்சு ஒரு வாரமாகவே குறுகுறுத்துக்கொண்டுதான் இருந்தது.

ராத்திரியில் கொசு பறந்தால்கூட ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம் என வாய்ப்பந்தல் போட்டு அவள் கணவனிடம் தள்ளிவிட்ட சரக்கு அது. மாட்டியதிலும் அவசரம். ஏணி எட்டின உயரத்தில், வெள்ளைச் சுவரை ஒட்டினாற்போல் திருகிவிட்டு வந்துவிட்டார். கேமராவின் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி, வருகிறவன் முகத்தைச் சுண்ணாம்பு பூசின பூசணிக்காயாக்கிவிடும் என்பது தெரியாத ஆளா அவர்?

அந்தப் பூசணிக்காய் இப்போது ஒரு மனுஷனின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருந்தது. வீட்டை ஒட்டிய பட்டறையிலிருந்து, பழுது பார்த்து வைத்த தண்ணீர் மோட்டார்கள் மூன்று காணாமல் போயின. படத்தில் ஆள் தெரிந்தான், முகம் தெரியவில்லை. பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்க்கும் பெரியவர் மேல் பழி விழுந்தது. நல்ல கேமரா மாட்டி, திருடன் யாரென்று தெரிகிறவரை வேலைக்கு வரவேண்டாம் என்று மெக்கானிக் அவரை அனுப்பிவிட்டான்.

முந்தாநாள் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெரியவர் கடைக்காரர் கண்ணில் பட்டார். சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. "சார், அந்தப் படத்துல இருக்கிறது நான்தானா? நீங்க விவரம் தெரிஞ்சவங்க, பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் அவள் வாயைத் திறப்பதற்குள் இவரே முந்திக்கொண்டார். தப்பு முழுக்கத் தன்னுடையது என்றார். இந்த முறை ஒரு பைசா வாங்காமல், தானே ஏணி தூக்கி வந்து வேறு நல்ல கேமரா மாட்டித் தருவதாகச் சொன்னார். அவளோ சண்டைக்கு வந்தவளாகவே தெரியவில்லை. கணவனுக்கு வேலை தலைக்குமேல் கிடப்பதால், தன்னையே பார்த்து வாங்கிவரச் சொன்னதாகத் தணிந்த குரலில் சொன்னாள்.

கடைக்காரருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. கிடுகிடுவென்று பெட்டிகளை இறக்கினார். முதலாவதில் தெரு முழுக்கத் தெரியும், ஆனால் முகம் கடுகளவுதான் விழும் என்று அவரே ஒதுக்கினார்.

"இதுவே இருக்கட்டுமேண்ணே" என்றாள் அவள்.

இலவசமாகக் கொடுப்பதால் கூச்சப்படுகிறாள் என்று அவருக்குப் பட்டது. அதெல்லாம் யோசிக்கவே கூடாது என்று அதட்டாத குறையாகச் சொல்லி, கடையிலேயே உசத்தியானதை எடுத்து மேஜைமேல் வைத்தார். இது ஊரை வேடிக்கை பார்க்காது, கேட்டை மட்டும் உற்றுப் பார்க்கும். சுவரை விட்டுத் தள்ளி, எட்டு அடி உயரத்தில் மாட்டினால் உச்சந்தலைக்குப் பதில் நேராக முகம் விழும். பக்கத்தில் ஒரு சின்ன விளக்கையும் போட்டுவிட்டால் சட்டையின் நிறம்கூடத் தப்பாது.

"தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வந்தாக்கூடவா?"

"துண்டு தலையிலதானேம்மா? கண்ணும் மூக்கும் அதே இடத்துலதானே இருக்கும்?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார் கடைக்காரர். கேமராவைப் பின்பக்க அறைக்குள் திருப்பி வைத்து, அவளைத் திரையின் முன்னால் உட்கார வைத்தார். அறைக்குள் போய் விளக்கை அணைத்து, தலையில் ஒரு துண்டையும் போட்டுக்கொண்டு, திருடனைப் போலப் பதுங்கிப் பதுங்கி நடந்து காட்டினார். ஐம்பது வயதில் இது தேவைதானா என்று ஒரு கணம் தோன்றியது. பெரியவரின் முகம் நினைவுக்கு வந்ததும் இன்னும் ஒரு சுற்று நடந்தார்.

வெளியே வந்தபோது அவள் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா?"

"மோவாயில பிளேடு பட்ட கீறல்கூடத் தெரியுதுண்ணே" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்புறமென்ன? இன்னிக்குச் சாயங்காலமே மாட்டிடறேன். இனி வர்றவன் தப்பவே முடியாது. பாவம் அந்தப் பெரியவர், அவரும் தலை நிமிர்ந்து வேலைக்கு வந்துடுவார்."

பெரியவர் என்றதும் அவள் கண் கலங்கிவிட்டது. நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே, புது கேமராவை டப்பாவில் வைக்கப் போனார் கடைக்காரர். அவள் சட்டென்று டப்பாவின் மேல் கையை வைத்தாள். வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்த பழைய கேமராவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இந்த டப்பாவுல இதையே வெச்சு எடுத்துட்டு வாங்கண்ணே. முன்னே இருந்த இடத்துலயே மாட்டிடுங்க. அவர் கேட்டா புதுசுன்னு சொல்லிடுங்க."

கடைக்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "என்னம்மா சொல்றீங்க? இதுல முகமே தெரியாதே?"

"தெரிய வேண்டாம்ண்ணே. வர்றது என் தம்பி."