முகத்துக்கு ஒட்டாத குரல்

"கொஞ்சம் கீச்சுன்னு பேசுங்க தம்பி. பொண்ணைப் பார்த்து அவன் நடுங்குறான்ல?"

பீமராவ் சொன்னது இதே வார்த்தைகள்தானா என்று ரஞ்சித்துக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. சொல்லிவிட்டு அவர் சிரித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

தென்னூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த டப்பிங் ஸ்டூடியோ. அமெரிக்கப் படம் ஒன்றைத் தமிழில் பேச வைக்கும் வேலையைச் சென்னைக் கம்பெனி பீமராவிடம் ஒப்படைத்திருந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான், ஸ்ரீரங்கத்திலிருந்து ரஞ்சித் குரல் தேர்வுக்கு வந்திருந்தான்.

அவன் கேட்டது கோபியின் வேடத்தை. படத்தில் வரும் ஒரே இந்தியன் கோபி. எடுப்பான பல், சோடாபுட்டிக் கண்ணாடி, பாதித் தலை வழுக்கை. கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் மனதைச் சொல்லும் காட்சி திரையில் ஓடியது.

ரஞ்சித் தாடியைத் தடவிக்கொண்டு மைக்கின் பக்கம் குனிந்தான். கீச்சுக் குரலில் பேசவில்லை. தன் சொந்தக் குரலிலேயே பேசினான்.

"உன்னை எனக்கு ரொம்ப நாளா பிடிக்கும். நீ பதில் சொல்லணும்னு இல்ல. தெரிஞ்சா போதும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த ஆரிஃபா நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், அவர் மூச்சு விடற இடம்கூட பிசகல. முதல் டேக்லயே உதடு இப்படி ஒட்டி நான் பார்த்ததே இல்ல."

"உதடு ஒட்டுதும்மா. மூஞ்சிக்கு ஒட்டலையே" என்றார் பீமராவ். "தியேட்டர்ல இந்த இடத்துல ஜனங்க சிரிக்கணும்."

"ஏங்க சிரிக்கணும்? மனசுல இருக்கறதைத்தானே சொல்றான்?" என்றான் ரஞ்சித்.

"அவன் மூஞ்சியைப் பாருங்க தம்பி. இது காதல் சொல்ற மூஞ்சியா?"

ரஞ்சித் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஏன் சார், எங்க அத்தாவும் சோடாபுட்டிதான். அம்மா அவரைக் காதலிச்சுத்தான் கட்டிக்கிட்டாங்க" என்றாள் ஆரிஃபா.

"உங்க அத்தாவை வெச்சு யாரும் படம் எடுக்கலம்மா!" பீமராவ் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ரஞ்சித்தைப் பார்த்தார். "அமெரிக்காக்காரன் படத்துல நம்ம ஆளு எப்படி வருவான்? கம்ப்யூட்டரைத் தட்டுவான், பொண்ணைக் கண்டா உளறுவான், கடைசியில ஹீரோவுக்குக் கை தட்டுவான். சீனாக்காரன்னா ஒண்ணு கராத்தே, இல்லேன்னா கணக்கு."

"நம்ம படத்துல?"

"அம்பது பேரை அடிப்பான். வேண்டாம்னு சொன்ன பொண்ணு பின்னாடியே சுத்துவான்."

"நடுவுல ஒருத்தன்கூட கிடையாதா?"

"இருக்கான். டிக்கெட் வாங்கிட்டு எதிர்ல உக்காந்திருக்கான்."

ஆரிஃபா சிரித்துவிட்டாள். ரஞ்சித் சிரிக்கவில்லை.

"அண்ணே, எங்கப்பாவுக்குக் கண் தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. காதால கேட்டாத்தான் அவருக்குப் படம். இந்தப் படம் தமிழ்ல வரட்டும்னுதான் காத்துக்கிட்டிருக்காரு. கோபி பேசறப்ப அவருக்கு என் குரல் கேக்கணும். காசுகூட வேண்டாம்."

பீமராவ் கெட்ட மனிதர் இல்லை.

"தம்பி, கோபிக்கு சித்தார்த்தன்னு ஒரு பையனைப் பேசி முடிச்சாச்சு. எலிக்குட்டி மாதிரி குரல், அப்படியே பொருந்தும். ஆனா உங்க அப்பாவுக்கு உங்க குரல் கேக்கணும், அவ்வளவுதானே? ஹீரோவுக்குப் பேசுங்க. அந்த வெள்ளைக்காரனுக்கு இந்த மாதிரி ஒரு குரலைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்."

ரஞ்சித் சரி என்றான். ஏன் சரி என்றோம் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறான்.

படம் வெளியான அன்று அப்பா வீரமலையைக் கைபிடித்துத் தியேட்டருக்கு அழைத்துப் போனான். ஹீரோ வாயைத் திறந்ததும் அப்பா அவன் முழங்கையை இறுகப் பிடித்தார்.

"இந்தா, வந்துட்டே! நீ பேசினா தியேட்டரே அடங்குதுடா."

"ம்."

கோபி தன் மனதைச் சொன்னான். தியேட்டர் குலுங்கிச் சிரித்தது. அப்பாவும் தோள் குலுங்கச் சிரித்தார்.

"யாருடா இந்தக் கீச்சுக் குரல் பய? அந்தப் பொண்ணு ஒத்துக்குமா?"

"ஒத்துக்காதுப்பா."

"எப்படி ஒத்துக்கும்? இவனும் ஒரு ஆம்பளையா!"

ரஞ்சித் திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவ்வளவு சந்தோஷமாக அதைப் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான்.

பீமராவுக்கு அதே கம்பெனியின் அடுத்த படமும் கிடைத்தது. ஆரிஃபா கல்யாணமாகி மதுரைக்குப் போய்விட்டாள். அமெரிக்கப் படங்களில் வரும் இந்தியர்களுக்கெல்லாம் இப்போது சித்தார்த்தன்தான் பேசுகிறான். ரஞ்சித் உறையூரில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருக்கிறான். வீரமலை இன்னமும் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "என் பையன் அமெரிக்காவுல நடிச்சது ஒரே படம்தான், அதுலயும் ஹீரோ" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரே படம்தான் என்பது உண்மை. பாதித் தலையை மழித்து, கட்டுப்பல்லும் சோடாபுட்டிக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, அதில் கோபியாக நடித்தவன் ரஞ்சித்.